கடையில் வாங்காத மாத்திரை

ஜூன் முடிந்து ஜூலை பிறந்தால், வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை ஆரம்பித்துவிடும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சின்ன குக்கர், இடுக்கி எல்லாம் எடை பார்த்து உள்ளே போகும். கடைசியாக ஒரு ஜிப் பை. அதில் மாத்திரைகள். காய்ச்சலுக்கு, சளிக்கு, வயிற்றுப்போக்குக்கு, பல்வலிக்கு என்று அம்மாவோ அப்பாவோ தனித்தனியாகச் சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்திருப்பார்கள்.

இந்தப் பாடம் அந்த ஜிப் பையைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பை காலியான பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு காலம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் கடைசிப் பருவம் படித்துக்கொண்டிருந்தார் சார்லி டெர்னன். வயது 22. பட்டம் வாங்கச் சில வாரங்களே இருந்தன. ஸ்நாப்சாட் செயலி வழியாக அறிமுகமான ஒருவரிடம் ஒரு வலி நிவாரணி மாத்திரை வாங்கினார். பெர்கோசெட் என்ற, அங்கே மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரை அது என்று நம்பித்தான் வாங்கினார். பார்க்க அப்படியேதான் இருந்தது. ஆனால் அது போலி. உள்ளே இருந்தது ஃபெண்டானில். தன் அறையிலேயே இறந்துபோனார்.

அவருடைய பெற்றோர் எட் டெர்னனும் மேரி டெர்னனும், மகன் ஏன் இறந்தான் என்று தேடிப் போனபோதுதான் போலி மாத்திரைச் சந்தை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டார்கள். தங்களைப் போல விஷயமே தெரியாமல் எத்தனை வீடு இருக்கும் என்று யோசித்து ‘சாங் ஃபார் சார்லி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எந்தச் சமூக ஊடகத்தில் மகனுக்கு அந்த மாத்திரை கிடைத்ததோ, அதே ஊடகங்களில் இளைஞர்களுக்கு எச்சரிக்கை சொல்வதுதான் அந்த அமைப்பின் முக்கிய வேலை. 2022 மே 10 அன்று அமெரிக்காவில் முதல் தேசிய ஃபெண்டானில் விழிப்புணர்வு நாள் நடந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டு, அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமையின் தலைமை அலுவலகத்தில், உயிரிழந்தவர்களின் படங்களைக் குடும்பத்தினரிடம் வாங்கிச் சுவரில் வைக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சுவரில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சரி, அமெரிக்கச் செய்தி நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். நம் தெருவிலேயே ஒரு வீட்டுப் பிள்ளை டெக்சஸிலோ ஒஹாயோவிலோ டொரான்டோவிலோ இருக்கிறார் என்பது ஒரு பதில். இன்னொரு பதிலும் உண்டு. அது பாடத்தின் பின்பகுதியில் வரும்.

ஃபெண்டானில் என்பது என்ன?

முதலில் ஒரு விஷயம். ஃபெண்டானில் மருந்துதான். பெல்ஜியம் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் 1960 வாக்கில் உருவாக்கப்பட்டது. இன்றைக்கும் உலகம் முழுக்க அறுவை சிகிச்சை அரங்குகளில் மயக்க மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால், அவர்கள் உடம்பிலும் இது போயிருக்க வாய்ப்பு உண்டு. அங்கே மூச்சைக் கண்காணிக்கக் கருவியும், பக்கத்திலேயே ஆளும் இருக்கும்.

அபின் செடியிலிருந்து வரும் மார்ஃபினின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஆனால் மார்ஃபினைவிடச் சுமார் 100 மடங்கும், ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கும் வீரியம் அதிகம். செடி எதுவும் வேண்டாம். ரசாயனங்களைக் கொண்டே தயாரித்துவிடலாம். கொஞ்சமே போதும் என்பதால் கடத்துவது சுலபம். கள்ளச் சந்தைக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

எவ்வளவு கொஞ்சம்? பழக்கமில்லாத ஒருவரின் உயிரைப் பறிக்க 2 மில்லிகிராம் போதுமானதாக இருக்கலாம் என்கிறது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை. நம் வீட்டில் இருக்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை 250 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. பென்சில் முனையில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான்.

உடம்புக்குள் இது என்ன செய்கிறது? நாம் தூங்கும்போதும் மூச்சு நிற்காமல் ஓடுவதற்குக் காரணம் மூளைத் தண்டு. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் ‘மூச்சு விடு’ என்று உத்தரவு போடுவது அதன் வேலை. அளவு மீறிய ஃபெண்டானில் அந்த உத்தரவை அடக்கிவிடுகிறது. ஆள் துடிப்பதில்லை, கத்துவதில்லை. தூங்குவது போலவே இருக்கும். மூச்சு மெதுவாகி, அப்புறம் நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாமல் மூளை தாக்குப்பிடிப்பது சில நிமிடங்கள்தான். அதனால்தான் இப்படி இறந்த பல பிள்ளைகளை வீட்டார் ‘தூங்குகிறான்’ என்று நினைத்து எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள்.

பொங்கலும் முந்திரியும்

போலி மாத்திரைகளின் முக்கிய ஆபத்து அவற்றின் கலவையில் இருக்கிறது. கள்ளத்தனமாகத் தயாரிப்பவர்கள் ஃபெண்டானில் தூளை வேறு ஏதோ மாவுடன் கலந்து, அச்சு இயந்திரத்தில் போட்டு மாத்திரையாக அழுத்துகிறார்கள். மருந்துத் தொழிற்சாலையில் கலவை சீராக இருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை உண்டு. இங்கே அதெல்லாம் கிடையாது.

கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கியிருப்பீர்கள். ஒரு தொன்னையில் முந்திரி நாலு இருக்கும், பக்கத்தில் நிற்பவர் தொன்னையில் ஒன்றுகூட இருக்காது. இத்தனைக்கும் ஒரே அண்டா. போலி மாத்திரையும் அப்படித்தான். ஒரே கவரில் வந்த இரண்டு மாத்திரையில் ஒன்றைப் போட்டவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், மற்றவர் இறந்துபோகலாம். ‘அவன் போட்டான், அவனுக்கு ஒண்ணும் ஆகலையே’ என்பதோ, ‘பாதிதான் போட்டேன்’ என்பதோ பாதுகாப்பு ஆகாது. அந்தப் பாதியிலேயே எல்லாம் சேர்ந்திருக்கலாம்.

2023-ல் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை தன் ஆய்வகத்தில் பரிசோதித்த ஃபெண்டானில் கலந்த போலி மாத்திரைகளில், 10-க்கு 7 மாத்திரைகளில் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு இருந்தது. வலி நிவாரணிகளோடு பதற்றத்துக்கான அல்பிரஸோலம், கவனக் குறைபாட்டுக்கான ஆடெரால் போன்றவற்றின் உருவத்திலும் போலிகள் வருகின்றன. நிறம், வடிவம், மேலே பதித்த எழுத்து எல்லாம் அசல் போலவே இருக்கும். கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ, நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்க முடியாது.

பாடகர் பிரின்ஸ் நினைவிருக்கலாம். 2016 ஏப்ரல் 21 அன்று 57 வயதில் இறந்தார். அவர் விகோடின் என்று நினைத்து எடுத்தது ஃபெண்டானில் கலந்த போலி என்று இரண்டு ஆண்டு விசாரணைக்குப் பிறகு அரசு வழக்கறிஞர் அறிவித்தார். வேண்டிய மருத்துவரை வீட்டுக்கே வரவழைக்கும் வசதி இருந்தவருக்கே இந்த நிலை.

2022-ல் மட்டும் அமெரிக்காவில் போதை மருந்து அளவு மீறலால் சுமார் 1,08,000 பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 74,000 மரணங்களில் ஃபெண்டானில் வகைப் பொருட்கள் சம்பந்தப்பட்டிருந்தன. 2024-ல் மொத்த எண்ணிக்கை 80,000 அளவுக்கு இறங்கியது. இறங்கியதற்குக் காரணம் ஒன்றல்ல. ஆனால் அடுத்துச் சொல்லப்போகும் மருந்து பரவலானதும் அதில் ஒன்று.

பக்கத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால்

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பகுதியை மட்டுமாவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக வருகிறது அல்லது வரவே இல்லை, தொண்டையில் ‘களக் களக்’ என்றோ குறட்டை போலவோ சத்தம், உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறது (நம் நிறத்தவருக்குச் சாம்பல் பூத்தது போலத் தெரியும்), கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இவையெல்லாம் அளவு மீறலின் அறிகுறிகள். எல்லாம் சேர்ந்து வரும் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு குறைந்திருப்பது தெரிந்தாலே 911-ஐ அழைக்க வேண்டும். முகவரியை முதலில் சொல்லிவிடுங்கள். லைன் துண்டித்தாலும் வண்டி வந்துவிடும்.

அடுத்தது நலாக்சோன். நார்கான் என்ற பெயரில் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகக் கிடைக்கிறது. 2023 மார்ச் மாதம் முதல் இதை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அமெரிக்க அரசு அனுமதித்துவிட்டது. பல பல்கலைக்கழக வளாகங்களில் இலவசமாகவே தருகிறார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு மூக்குத் துவாரத்தில் முழுதாக அடிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை என்றால் இரண்டாவது ஸ்பிரே, இன்னொரு துவாரத்தில். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி வந்தால் புரையேறாது. மூச்சே இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். 911-ல் பேசுபவர் எப்படி என்று சொல்லிக்கொண்டே வருவார்.

ஆள் கண் திறந்துவிட்டால் ‘சரியாயிடுச்சு’ என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக்கூடாது. நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். அது தீர்ந்ததும் உடம்பில் மீதமுள்ள ஃபெண்டானில் மறுபடி மூச்சை அமுக்கலாம். வேறு காரணத்தால் மயங்கிய ஒருவருக்குத் தவறாக நலாக்சோன் அடித்துவிட்டால் கெடுதல் எதுவும் இல்லை. அதனால் ‘இது அதுதானா’ என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போலீஸ் வருமே, விசா போய்விடுமே என்ற பயத்தில்தான் பல அறைகளில் போன் பண்ணத் தாமதம் ஆகிறது. உதவிக்கு அழைத்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் வழக்கிலிருந்து காக்கும் சட்டம் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விவரம் மாறும்தான். ஆனால் மூச்சு நின்றவரை மூடிய அறையில் விட்டுவிட்டுச் சட்டப் புத்தகம் புரட்ட நேரமில்லை.

இடையில் ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுவோம். ஃபெண்டானில் தூளைத் தொட்டதும் போலீஸ்காரர் மயங்கி விழுந்தார் என்று சில வீடியோக்கள் சுற்றுகின்றன. சும்மா தோலில் பட்டதால் உயிருக்கு ஆபத்து வருவது கிட்டத்தட்ட நடக்காத ஒன்று என்று அமெரிக்க நச்சியல் மருத்துவச் சங்கங்கள் 2017-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டன. இந்த வதந்தியால் ஒரு நஷ்டம் உண்டு. விழுந்து கிடப்பவரைத் தொடவே ஆட்கள் தயங்குகிறார்கள்.

ஜிப் பைக்குத் திரும்புவோம்

நம் ஊரில் தலைவலித்தால் பக்கத்து பெஞ்சில் ‘ஒரு மாத்திரை இருந்தா குடேன்’ என்று கேட்பது சாதாரணம். அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. அங்கே மருத்துவரைப் பார்க்கச் செலவு அதிகம், அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாள் ஆகும். கொண்டுபோன மாத்திரை தீர்ந்த பிறகு, பல்வலியிலோ முதுகுவலியிலோ தேர்வுக்கு முந்தின இரவிலோ, அறை நண்பரின் நண்பர் ‘எங்கிட்ட ஒண்ணு இருக்கு’ என்று நீட்டுகிறார். பழக்கதோஷம், கை நீண்டுவிடுகிறது. போதைக்காக வாங்குபவர் மட்டும்தான் மாட்டுவார் என்று நினைப்பதைவிட ஆபத்தான நினைப்பு இந்த விஷயத்தில் இல்லை.

இதைப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? பெரும்பாலான வீடுகளில் பேச்சு இப்படித்தான் போகும்:

“அங்க போய் கண்ட மாத்திரையெல்லாம் போட்டுறாதடா.”

“அம்மா, நான் அப்படிப்பட்டவன் இல்லம்மா.”

அதோடு பேச்சு முடிந்துவிடும். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் விஷயம் அவன் எப்படிப்பட்டவன் என்பதே இல்லை. வேறு மாதிரி ஆரம்பித்துப் பாருங்கள்.

“நீ அப்படிப்பட்டவன்னு யாரு சொன்னா? அங்க பாரசிட்டமால் மாதிரியே இருக்குற மாத்திரையில விஷம் கலந்து விக்கிறாங்களாம். கடையில வாங்குனதா இருந்தா மட்டும் போடு. கடைச் சீட்டு ஒட்டின டப்பாவுல இருந்து வரலைன்னா, யாரு குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடு. வலி தாங்கலைன்னா எந்நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு, டாக்டர் பீஸ் நாங்க அனுப்புறோம்.”

கடைசி வரி முக்கியம். பல பிள்ளைகள் மருத்துவரைப் பார்க்காமல் இருப்பது அப்பா ஏற்கெனவே கடன் வாங்கி அனுப்பியிருக்கிறாரே என்ற எண்ணத்தில்தான்.

பை விஷயத்தில் சில நடைமுறைகள். அமெரிக்காவுக்கு மாத்திரைகளை அசல் அட்டையோடும், ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோக வேண்டும். பொதுவாக 90 நாள் அளவுக்கு மேல் வேண்டாம். டிரமடால், அல்பிரஸோலம் போன்ற கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை ‘இருக்கட்டுமே’ என்று போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்திலேயே சிக்கல். பல்லைப் புறப்படும் முன்பே காட்டிச் சரிசெய்துவிடுவது நல்லது. மருத்துவக் காப்பீட்டு அட்டையின் படத்தை வீட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில்

இங்கே ஃபெண்டானில் தெருவில் புழங்கும் பொருளாக இல்லை. 2018 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் இந்தூரில் ஒரு சட்டவிரோதக் கூடத்திலிருந்து சுமார் 9 கிலோ பிடிபட்டது என்பதைத் தவிர்த்தால், இந்தியச் செய்திகளில் இதன் பெயர் அதிகம் வருவதில்லை. ஆனால் நம் மாவட்டச் செய்திப் பக்கங்களைப் பார்ப்பவர்களுக்கு ‘வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசி போட்ட இளைஞர்கள்’ என்ற வரி பழக்கமாகிவிட்டது. அந்த மாத்திரை பெரும்பாலும் டேபென்டடால். ஃபெண்டானில் அளவுக்கு வீரியம் இல்லை என்றாலும் இதுவும் அதே குடும்பம்தான். மூச்சை அடக்குவதும் அதே வழியில்தான். மாத்திரையில் மருந்தோடு மாவும் பசையும் இருக்கும். வயிற்றுக்குப் போக வேண்டியதை ரத்தக் குழாயில் ஏற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி வரும்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்பது சட்டவிரோதம். உங்கள் பகுதியில் அப்படி விற்பனை நடப்பது தெரிந்தால் மாநில அமலாக்கப் பணியகத்தின் கட்டணமில்லா எண் 10581, அல்லது போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் 1933. பெயர் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சைக்கு 14446, அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களும் உள்ளன. ‘ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமே’ என்று தயங்குகிறவர்களுக்கு: 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடும்.

இன்னொரு இடத்தில் ஃபெண்டானில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. புற்றுநோய் வலிக்காக மருத்துவர் எழுதித் தரும் ஒட்டு. தோலில் ஒட்டினால் மூன்று நாள் மெதுவாக மருந்து இறங்கும். இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் பாட்டியின் ஒட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில் அது அவருக்குத் தேவையான மருந்து. கவனிக்க வேண்டியது வேறு. வெட்டிப் பாதியாக ஒட்டக்கூடாது. ஒட்டின இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது. சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்துவிட வேண்டும். எடுத்த ஒட்டில் மீதம் மருந்து நிறைய இருக்கும். ஸ்டிக்கர் என்று நினைத்துக் குழந்தை அதைக் கையில் ஒட்டிக்கொண்டாலோ வாயில் வைத்தாலோ உயிருக்கே ஆபத்து. ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, மருந்து தந்த மையத்தில் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். குப்பைக் கூடை வேண்டாம். குழந்தை தொட்டுவிட்டது தெரிந்தால் ஒட்டை எடுத்துவிட்டு உடனே 108. நம் ஊரில் நலாக்சோன் ஊசி மருந்தாக மருத்துவமனைகளில்தான் இருக்கும் என்பதால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

செய்தி வந்துவிட்டால்

எழுதக் கஷ்டமான பகுதி இது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை இறந்துவிட்டதாகத் தகவல் வந்தால், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தை இந்தியாவிலிருந்து 1800 309 3793 என்ற எண்ணிலும், வெளிநாட்டிலிருந்து +91 80690 09901 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உடலைக் கொண்டுவருவதற்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தோடு பேசி உதவுவார்கள். அமெரிக்காவில் ரத்தப் பரிசோதனை முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். முதலில் கிடைக்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் ‘நிலுவையில்’ என்று இருக்கலாம். அது எதையோ மறைப்பதற்காக அல்ல, நடைமுறைதான். திருத்திய சான்றிதழ் பின்னால் வரும்; வங்கி, காப்பீட்டு வேலைகளுக்கு அதையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம், வந்து உட்காரும் உறவினர்கள் கேட்பார்கள். ‘எப்படிம்மா ஆச்சு?’

அமெரிக்கப் பெற்றோர்களும் இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கிறார்கள். முன்பெல்லாம் மரண அறிவிப்பில் ‘திடீர் மரணம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். இப்போது பலர் காரணத்தை வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். போலி மாத்திரையால் பிள்ளையை இழந்த பெற்றோர்கள் ‘அளவு மீறல்’ என்ற சொல்லை ஏற்காமல் ‘நஞ்சூட்டல்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். என்ன எடுக்கிறோம் என்றே தெரியாத பிள்ளை எப்படி அளவை மீறினான் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நெருடல் எனக்கு இருக்கிறது. ‘என் பிள்ளை விஷத்தால் போனான், அடிமைப் பழக்கத்தால் இல்லை’ என்று ஒரு தாய் சொல்லும்போது, பழக்கத்திலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்த பிள்ளையை இழந்த இன்னொரு தாயும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வீட்டு மாத்திரையிலும் இருந்தது அதே விஷம்தான். ஆகஸ்ட் 31-ல் உலகம் முழுக்க நடக்கும் அளவு மீறல் விழிப்புணர்வு நாள், 2001-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கியது. அது இரண்டு வகைக் குடும்பங்களுக்கும் பொதுவான நாள்.

உறவினரிடம் ‘மாரடைப்பு’ என்று சொல்லிவிட்ட குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது என்பது அந்த வீட்டின் முடிவு. அந்தப் பிள்ளையோடு தங்கியிருந்த நண்பர்களிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டால், அதே ஆளிடம் வாங்கிய மாத்திரை இன்னும் யாருடைய மேசை டிராயரிலாவது கிடந்தால் அதை எடுத்து எறிவார்கள். துக்கத்தில் தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.